மஞ்சள் பட்ட ஆறுமணிக்குருவி

கைலாசபுரம் டவுன்ஷிப்பில் சகாயநாதன் வீடு எது என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். ‘ஃபிலிம் சார் வீடு’ என்றால் உடனே கை காட்டிவிடுவார்கள். சினிமாவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தொழிற்சாலையில் பற்றவைத்த குழாய்களை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்து, பற்றவைப்பு சரியா தப்பா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதே அறை, அதே ஸ்டூல். குண்டூசித் தலையளவு கறுப்புப் புள்ளி தெரிந்தாலும் குழாயைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஃபோர்மேன் வந்து கெஞ்சினாலும், மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றாலும், “உள்ள காத்துக்குமிழி இருக்கு சார். நான் போட மாட்டேன்” என்பதுதான் பதில். கொஞ்சம் முசுடு என்று பேர். ஆனால் அவர் கையெழுத்து இருந்தால் மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்றும் பேர்.

ஐம்பது வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். டவுன்ஷிப்பில் மரங்களுக்குக் குறைவில்லை. நடந்து நடந்து, மரத்தில் கத்துவது எது என்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். பார்த்ததைப் படம் பிடிக்க ஆசை வந்தது. பழைய கேமரா ஒன்றும், முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸும் வாங்கினார். மகள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவரும் மனைவி பெலிண்டாவும்தான். “சீட்டாடப் போறதுக்கு இது தேவல” என்று பெலிண்டாவும் விட்டுவிட்டாள்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் நஸ்ருல்லா, பறவை பார்ப்பவர்களைச் சேர்த்து ஒரு குழு வைத்திருந்தார். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் துறையூர் தாண்டி பச்சைமலை அடிவாரக் காட்டுக்குப் போவார்கள். சகாயநாதனும் சேர்ந்துகொண்டார்.

குளத்தில் நிற்கும் நாரையைப் படம் எடுப்பது வேறு, காட்டுக்குள் சின்னக் குருவியைப் படம் எடுப்பது வேறு. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். ஒரு கிளையில் இரண்டு விநாடி உட்காராது. இவர் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைப்பதற்குள் பறந்திருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு படத்தில் இலை இருக்கும், இன்னொன்றில் வெறும் கிளை இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பறந்துபோகிற வால் இருக்கும். அந்த வால் படங்களையும் விடாமல் குழுவில் போடுவார். யாரோ விளையாட்டாக ‘வால் சார்’ என்று பெயர் வைத்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் இளம் இன்ஜினீயர், வங்கி மேனேஜர் என்று நேற்றுச் சேர்ந்தவர்களெல்லாம் குருவியின் கண்ணில் வானம் தெரிகிற மாதிரி படம் போடும்போது, அந்தச் சிரிப்பு உள்ளே போய்க் குத்தியது.

அவர் மூன்று வருடமாகத் தேடியது ஆறுமணிக்குருவி. மழைக்காலம் தொடங்கும்போது வடக்கேயிருந்து இந்தப் பக்கம் வரும். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் கூவும் என்பதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, இறக்கையில் பளீரென்று நீலம், வெளிர்மஞ்சள் மார்பு, சிவந்த அடிவயிறு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டே போகும், வெளியே வராது. வால் இருக்கும் இடமே தெரியாது. “வால் சாருக்கு வாலில்லாத குருவி மேல ஆசை பாருங்க” என்று குழுவில் ஒருத்தர் எழுதியதற்கு இருபது பேர் சிரித்திருந்தார்கள்.

அந்த அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நஸ்ருல்லாவிடமிருந்து போன் வந்தது.

“சகாயம் சார், ஒரு உதவி. நான் சென்னையில இருக்கேன். ஸ்ரீரங்கத்துல ஒரு அம்மா போன் பண்ணாங்க. பால்கனி கண்ணாடில குருவி ஒண்ணு அடிச்சு விழுந்திருக்காம். அவங்க சொல்றதப் பாத்தா ஆறுமணிக்குருவின்னு தோணுது. எடுத்துட்டுப் போய் ஃபாரஸ்ட் ஆபீஸ்ல குடுத்துடுங்க. அவங்க பாத்து விட்டுடுவாங்க.”

சகாயநாதன் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, செருப்புப் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார்.

அம்மா மண்டபம் சாலையில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் கோமளவல்லி. வங்கியில் காசாளராக இருக்கிறவர். ஐம்பது வயதை நெருங்கியிருப்பார். அன்றைக்கு அவரும் வேலைக்குப் போகவில்லை.

“வாங்கோ, வாங்கோ. இதோ, பூக்குடலைல வெச்சிருக்கேன். ரெண்டு சொட்டுத் தீர்த்தம் விட்டேன், குடிச்சுது. மார்ல கொஞ்சம் ரத்தம் கசிஞ்சிண்டிருந்தது. எனக்கு வேற என்ன தெரியும்? மஞ்சளைக் குழைச்சுத் தடவிட்டேன். தப்பா?”

“தப்பில்லம்மா” என்றார் சகாயநாதன். குனிந்து பார்த்தார். மூன்று வருடம் புதருக்குள் தேடியது பூக்குடலைக்குள், ஒரு துண்டுத் துணியின்மேல் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. வெளிர்மஞ்சள் மார்பில் சமையல் மஞ்சள் ஒரு திட்டாக, இன்னும் அடர்த்தியாக ஒட்டியிருந்தது.

“பொழைச்சுடுமோல்லியோ?”

“அலுப்புலதான் கெடக்கும்மா. ரொம்ப தூரத்துலேருந்து வருது. ஒரு நாள் ரெஸ்ட் எடுத்தா பறந்துடும்.”

“அது பறக்கறச்சே ஒரு ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பறேளா? மனசு கேக்கல.”

“அனுப்புறேம்மா” என்று சொல்லிவிட்டு வந்தார்.

வன அலுவலகத்துக்குப் போகும் சாலை வந்தது. திரும்பாமல் நேரே போனார். ஒரு இரவு வீட்டில் வைத்திருந்து, தெம்பு வந்ததும் காட்டில் விட்டால் போகிறது, இதில் என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பெட்டியைப் பார்த்ததுமே பெலிண்டாவுக்குப் பிடிக்கவில்லை. “குடுக்கச் சொன்ன எடத்துல குடுத்துட்டு வராம எதுக்குங்க இங்க கொண்டாந்தீங்க?”

“நாளைக்குக் காட்டுல விட்டுடுறேன்.”

“அதுக்கு அவங்க இருக்காங்கல்ல?”

அவர் தோட்டத்தில் மண்புழு தோண்டப் போனார்.

மறுநாள் காலை குருவி தெளிந்திருந்தது. பெட்டிக்குள் தத்தியது, புழுவைக் கொத்தித் தின்றது. சகாயநாதன் முழு நாள் லீவு போட்டுவிட்டு, பழைய மாருதியில் பெட்டியையும் கேமராவையும் வைத்துக்கொண்டு பச்சைமலைக்குப் போனார். அடிவாரத்தில் வண்டியை விட்டு, வாய்க்கால் ஓரமாக அரை மைல் நடந்தார். பாசி படிந்த மரத்தடி ஒன்று விழுந்து கிடந்தது. பின்னால் நல்ல பச்சை. இங்கேதான் என்று தீர்மானித்தார்.

பெட்டியைத் திறந்தால் அது புதருக்குள் ஓடிவிடும், அவ்வளவுதான், இன்னொரு வால் படம்கூடக் கிடைக்காது. சட்டைப்பையில் நைலான் தூண்டில் நரம்பு இருந்தது. அதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துப் போட்டிருந்தார். ஏன் எடுத்தோம் என்று அப்போது தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இப்போதும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு நுனியைக் குருவியின் காலில் முடிந்தார். மறு நுனியை மரத்தடியின் வேரில் கட்டினார். ஐந்து நிமிடம், ஐந்தே நிமிடம் என்று வாய்விட்டுச் சொன்னார்.

வானம் மூடியிருந்தது. வெளிச்சம் போதவில்லை. குருவி தத்தும், நரம்பு இழுக்கும், விழும், எழும். முதலில் எடுத்த படங்களில் அது சரிந்தே இருந்தது. வெயில் வரட்டும் என்று காத்திருந்தார். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. அப்புறம் மேகம் விலகி ஒரு கீற்று வெயில் நேராக மரத்தடிமேல் விழுந்தது. குருவி நிமிர்ந்து, தலையைத் தூக்கி, அலகைத் திறந்து நின்றது. அத்தனை நிறமும் தெரிந்தது. பாடுகிற மாதிரியே இருந்தது. அது பாடவில்லை, அவரைப் பார்த்து மிரண்டு அலகைத் திறந்திருக்கிறது என்பது பக்கத்திலிருந்த அவருக்குத் தெரியும். பதினெட்டு படம் எடுத்தார்.

எடுத்து முடித்ததும் முடிச்சை அவிழ்க்க எழுந்தார். மனுஷன் எழுந்ததைக் கண்ட குருவி முழு பலத்தோடு பறந்தது. நரம்பு வெடுக்கென்று இழுத்தது. அது தலைகீழாகத் தொங்கிக் கீழே விழுந்தது. ஓடிப்போய்க் கையில் எடுத்தபோது கால், கால் இருக்க வேண்டிய பக்கம் இல்லை. நகவெட்டியால் நரம்பை அறுத்தார். சருகின்மேல் இறக்கிவிட்டார். அது நிற்கப் பார்த்தது, சாய்ந்தது, இறக்கையால் தரையைத் தள்ளித் தள்ளிப் புதருக்குள் போனது. போன சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. புதரை விலக்கித் தேடியிருக்கலாம். எடுத்துக்கொண்டு துறையூரில் மாட்டு டாக்டரிடமாவது காட்டியிருக்கலாம். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு வந்துவிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினார். பதினொன்றாவது படம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. நரம்பு மெல்லிய வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. இருபத்தாறு வருடம் ஃபிலிமில் குறை தேடிய கண்கள், இந்தக் குறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று துல்லியமாகக் கண்டுபிடித்தன. ஒவ்வொரு புள்ளியாக அழித்தார். கட்டிய காலையும் சருகு நிறத்தால் மறைத்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

குழுவில் போட்டார். ‘பச்சைமலை அடிவாரம், காலை எட்டு மணி’ என்று மட்டும் எழுதினார். கோமளவல்லிக்கும் அனுப்பி, ‘உங்கள் குருவி நல்லபடியாகப் பறந்துவிட்டது’ என்று எழுதினார். “அந்தக் குருவி என்னாச்சு சார்?” என்று கேட்ட நஸ்ருல்லாவிடம், “வழியிலேயே தெம்பாயிடுச்சு சார், ஸ்ரீரங்கத்துலயே ஆத்தோரம் விட்டுட்டேன். அதுக்கு மறுநாளே காட்டுல இன்னொண்ணு கெடைக்குது பாருங்க, யோகம்தான்” என்றார். ஆளுக்கொரு பொய்.

குழுவே கொண்டாடியது. ‘வால் சார்’ போய் ‘ஆறுமணி சார்’ ஆனார். ஜனவரியில் கல்லூரி அரங்கில் பறவைப் படக் கண்காட்சி வைப்பதாகவும், வாசலில் வைக்கும் பெரிய படம் இதுதான் என்றும் நஸ்ருல்லா அறிவித்தார். வேண்டாம் என்று சொல்ல அப்போதே ஒரு சந்தர்ப்பம் இருந்தது. “உங்க இஷ்டம் சார்” என்று மட்டும் பதில் அனுப்பினார்.

டிசம்பரில் ஒரு நாள் வீரமலை என்ற வெல்டர் ஃபிலிம் அறைக்கு வந்து நின்றான். அவன் பற்றவைத்த குழாயில் சின்னதாக ஒரு புள்ளி.

“சார், இந்த ஒரு தடவ. இந்த மாசம் ரெண்டு ரிப்பேர் ஆயிடுச்சு. மூணாவதுன்னா என்னைய லைன்லேருந்து எடுத்துடுவாங்க.”

“புள்ளி இருக்குப்பா.”

“தெரியும் சார். சும்மா கேட்டுப் பாத்தேன். நீங்க மனசாட்சிக்கு விரோதமா போட மாட்டீங்கன்னு ஃபேக்டரில எல்லாருக்கும் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவனே ஃபிலிமை வாங்கிக்கொண்டு போனான். அவன் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே மரியாதையாகத்தான் சொன்னான். சகாயநாதன் வெளிச்சப் பெட்டியை அணைத்துவிட்டு, மதிய மணி அடிக்கும்வரை தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சர்ச்சில், செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சாமியாரிடம், “சில பொய் சொல்லியிருக்கேன் சாமி” என்றார். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சொல்லச் சொன்ன ஜெபங்களை மண்டியிட்டுச் சொன்னார். எழுந்திருக்கும்போது, இங்கேயும் நரம்புக் கோட்டை அழித்துத்தான் காட்டியிருக்கிறோம் என்று தோன்றியது.

கண்காட்சி நாளில் வாசலில் அந்தக் குருவி ஆள் உயரத்துக்கு நின்றது. கீழே அட்டையில், ‘ஆறுமணிக்குருவி, காட்டில் இயல்பான நிலையில். படம்: சகாயநாதன்’ என்று அச்சடித்திருந்தார்கள். பெலிண்டா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் கை கொடுத்தார்கள். நஸ்ருல்லா பக்கத்திலேயே நின்றார்.

பதினொரு மணிக்குக் கோமளவல்லி வந்தார். பேப்பரில் பார்த்துவிட்டு வந்தாராம். வங்கியிலிருந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“இது நம்மாத்துப் பட்சின்னா! இங்க பாருங்கோளேன், மார்ல மஞ்சள். நான் தடவின மஞ்சள்தான். இந்த விரலால தடவினேன்” என்று கூட வந்தவர்களிடம் விரலைக் காட்டினார். “எங்காத்து பால்கனில விழுந்தது. இவர்தான் எடுத்துண்டு போய்க் காப்பாத்தினார்.”

குருவியின் மார்பே மஞ்சள்தான். அதன்மேல் இன்னொரு மஞ்சளை வேறு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. நஸ்ருல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். படத்துக்கு அருகில் போனார். முதலில் மஞ்சளைப் பார்த்தார். அப்புறம் கீழே கால்களைப் பார்த்தார். வெகுநேரம் அங்கேயே பார்த்தார்.

“சார்” என்றார் மெதுவாக. “இன்னொரு கால் எங்க?”

கோமளவல்லியின் காதில் அந்தக் கேள்வி விழவில்லை. அவர் சந்தோஷமாகத் திரும்பி, “பறந்து போச்சோன்னோ? நன்னாப் பறந்துதா?” என்று கேட்டார்.

“நல்லா பறந்துச்சும்மா” என்றார் சகாயநாதன்.

நஸ்ருல்லா அரங்குக்குள் போய்விட்டார். வேறு யாரும் எதையும் கவனிக்கவில்லை. அதற்கப்புறமும் மூன்று மணி நேரம் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று சகாயநாதன் கை குலுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெலிண்டாதான் பேசினாள். “அந்த அம்மா வந்ததுலேருந்து உங்க மூஞ்சி சரியில்ல. என்ன பண்ணீங்க?”

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். தூண்டில் நரம்பு என்றதும் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். முடித்ததும், “அது செத்திருக்குமா?” என்றாள்.

“செத்திருக்கும்.”

“வண்டிய எடுங்க” என்றாள்.

மறுநாள் காலை நஸ்ருல்லாவின் வீட்டுக்குப் போனார். நஸ்ருல்லா உட்காரச் சொன்னார். சகாயநாதன் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார்.

“நேத்தே புரிஞ்சுபோச்சு சார்” என்றார் நஸ்ருல்லா. “ராத்திரி முழுக்க நான் நெனச்சது என்ன தெரியுமா? நான்தான உங்கள அனுப்புனேன். இந்தக் குழுவுல இவரு ஒருத்தரு தப்பாப் பண்ண மாட்டாருன்னு நெனச்சு அனுப்புனேன்.”

“மன்னிச்சுடுங்க சார்.”

“நான் மன்னிச்சு என்ன ஆகப்போவுது? படத்த எடுத்துடச் சொல்லிட்டேன். ஏன் எடுத்தாங்கன்னு கேப்பாங்க. அத நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

அங்கேயே, அவர் எதிரிலேயே, சகாயநாதன் போனை எடுத்துக் குழுவில் எழுதினார். ஏழெட்டு வரிதான். விழுந்த குருவி, கட்டிய கால், அழித்த கோடு, மூன்று பொய். வழக்கமாக ஒரு படம் போட்டால் நொடியில் வந்து விழும் பதில்கள் அன்றைக்கு வரவில்லை. ஒருத்தர் மட்டும், ‘இது சட்டப்படி குற்றம் என்று தெரியுமா?’ என்று கேட்டிருந்தார். தெரியும். மறுநாளே வன அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். விசாரித்து அபராதம் போட்டார்கள். ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது பாரம் குறையும் என்று நினைத்திருந்தார். குறையவில்லை. இன்னும் ஒரு இடம் பாக்கி இருந்தது.

அம்மா மண்டபம் சாலைக்கு இரண்டு முறை போய், கீழேயே நின்றுவிட்டுத் திரும்பினார். மூன்றாவது முறை மாடி ஏறினார். கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அவர் அனுப்பியதைக் கோமளவல்லி பிரிண்ட் போட்டிருந்தார்.

“உக்காருங்கோ. காபி கலக்கறேன்.”

“வேணாம்மா. நான் சொல்ல வந்தத மொதல்ல கேட்டுடுங்க.”

கோமளவல்லி கேட்டார். அவர் சொல்லி முடித்தபோது அந்த அம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாயைத் தொறந்துண்டு நிக்கறதே. பாடறதுன்னு நெனச்சேன். ஆத்துக்கு வரவா எல்லார்கிட்டயும், பாடறது பாருங்கோன்னு சொன்னேன்.”

“இல்லம்மா.”

“அன்னிக்கு, அத்தனை பேருக்கு நடுவுல கேட்டேனே. நன்னாப் பறந்துதான்னு. அப்பக்கூட சொல்லலையே நீங்க?”

கோமளவல்லி எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றினார். அவரிடம் கொடுக்கவில்லை. மேஜைமேல் குப்புற வைத்தார். கதவைத் திறந்துவிட்டார். “போயிட்டு வாங்கோ” என்று அந்த நிலையிலும் மரியாதையாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று படி இறங்கும்போது சகாயநாதன் நினைத்தார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

குழுவிலிருந்து தானாக விலகினார். நாலு மாதம் கழித்து நஸ்ருல்லாவே கூப்பிட்டார். கோடைப் பறவைக் கணக்கெடுப்புக்கு ஆள் போதவில்லை, கேமரா இல்லாமல் வருவதாக இருந்தால் வரலாம் என்றார். போனார். இப்போது இரண்டு வருடமாகப் போகிறார். மற்றவர்கள் பார்த்துச் சொல்வதை நோட்டில் எழுதுவது அவர் வேலை. பழைய ஆட்கள் சிலர் இன்றும் அவரோடு பேசுவதில்லை. வற்புறுத்தி அவரும் பேசுவதில்லை.

போன மாதம் லின்சி என்று புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். முசிறியில் பள்ளி ஆசிரியை. அடிவாரத்தில் டீ குடிக்கும்போது சகஜமாகக் கேட்டாள். “நீங்க போட்டோ எடுக்க மாட்டீங்களா சார்?”

“எடுத்துக்கிட்டு இருந்தேம்மா. நிறுத்திட்டேன்.”

“ஏன் சார்?”

முட்டி வலி என்று சொல்லலாம், கண் சரியில்லை என்று சொல்லலாம். புதிதாக வருகிற ஒவ்வொருத்தரும் கேட்கிற கேள்விதான். இது ஏழாவது முறை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, குருவி விழுந்ததிலிருந்து அந்த அம்மாவிடம் அரங்கில் சொன்ன பொய்வரை ஒன்றையும் விடாமல் சொன்னார்.

லின்சி முதலில் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்; நரம்பு கட்டியதைச் சொன்னபோது பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். முடிந்ததும், “சரிங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு, மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

சகாயநாதன் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தார். முன்னாலிருந்து நஸ்ருல்லா, “தேன்சிட்டு ரெண்டு, கொண்டைக்குருவி அஞ்சு” என்று குரல் கொடுத்தார். நடந்துகொண்டே நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்.